தூணுக்குள்ள இருந்த நீலச் சீசா

என் மச்சினனுக்கு ஊருக்குள்ள சீசான்னுதான் பேரு. வீட்ல வெச்ச பேரு அவனோட அக்காவுக்கே, அதாவது என் பொண்டாட்டிக்கே, கோவம் வந்தாத்தான் ஞாபகத்துக்கு வரும். நான் சொல்லப்போற அன்னைக்குப் பூரா அந்தப் பேரைச் சொல்லித்தான் அழுதா. நான் அழல. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அழுகை எங்க வரும்?

அவன் வேலை, வீடு வீடாப் போயி தண்ணி மீட்டர் பாக்குறது. கதவைத் தட்டி "மீட்டர்"னு ஒத்தச் சொல்லு சொன்னாப் போதும், சொந்தக்காரனுக்கே தொறக்காத கதவெல்லாம் அவனுக்குத் தொறக்கும். கொல்லைப்பக்கம், மாடிப்படிக்கு அடியில, பழைய வீடுங்கள்ல தரைக்குக் கீழ இருக்குற அறைன்னு வீட்டுக்காரங்களே எட்டிப் பாக்காத மூலையெல்லாம் இவனுக்கு அத்துப்படி. யார் வீட்ல எந்தச் செவுரு ஓதம் காக்குது, எந்தப் படி ஆடுதுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான்.

மீட்டரைப் பாக்குறது ஒரு கண்ணு. இன்னொரு கண்ணு தரையில. முன்ன ஒரு காலத்துல குப்பை வண்டி ஏது? தீந்தது, ஒடஞ்சது எல்லாம் கொல்லையில வெட்டின குழிக்குள்ள போகும், இல்லேன்னா தூந்துபோன கக்கூஸ் குழிக்குள்ள போகும். மத்ததெல்லாம் மக்கி மண்ணாயிரும். கண்ணாடி மட்டும் அப்படியே கெடக்கும். மருந்துச் சீசா, மைச் சீசா, சாராயச் சீசான்னு நூறு வருஷத்துக்கு முந்தினதெல்லாம் கீழ படுத்திருக்கும். லீவு நாளு வந்தா இவன் மம்பட்டியைத் தூக்கிட்டுக் கெளம்பிருவான். சாயங்காலம் கக்கூஸ் குழியில இருந்து ஏறி வந்தவன் மாதிரியே வருவான், ஏன்னா அங்க இருந்துதான் வருவான். மூஞ்சியில அப்படி ஒரு சிரிப்பு. "மாமா, இங்க பாருங்க, மூடி கூட இருக்கு!"

நான் கொத்தனாரு. அடுக்குறது என் தொழில், நோண்டுறது அவன் தொழில். பொண்ணு கட்டும்போது எவனும் இதை எனக்குச் சொல்லல.

ஒருத்தி அவனைக் கட்டிக்கிறேன்னு சொன்னா. நல்ல பொண்ணு, வாயும் கையும் சுறுசுறுப்பு. வீட்டைப் பாக்க வந்தா. அலமாரியில துணிக்கு இடமில்ல, சீசா. கட்டிலுக்கு அடியில சீசா. கட்டில்மேலயும் பாதி இடத்துல, துடைச்சுக் காயவெச்ச சீசா. "நான் எங்க படுக்குறது?"ன்னு சிரிச்சுக்கிட்டேதான் கேட்டா. இந்த மடையன் உடனே பதில் சொல்லணுமா இல்லையா? யோசிச்சான். அவன் யோசிக்கிறதைப் பாத்துட்டு அவ செருப்பை மாட்டிட்டுப் போனவ போனவதான்.

ஆனா ஒண்ணு சொல்லணும். அவனுக்குன்னு ஒரு ஒழுங்கு இருந்துச்சு. வீட்டுக்காரங்களைக் கேக்காமத் தோண்டக் கூடாது. மண்ணைத்தான் தொடணும், கட்டடத்தைத் தொடக் கூடாது. தோண்டின குழியை மூடாம வரக் கூடாது. சோறு திங்கும்போதுகூட இதையே சொல்லிட்டு இருப்பான். "குப்பையைக் கெளறுறதுக்கு ஒரு சட்டம், அதுக்கு நீ ஒரு ஜட்ஜு"ன்னு நான் கிண்டல் பண்ணுவேன்.

"சீசா குப்பை மாமா. கட்டடம் குப்பையில்ல. அது இன்னொரு ஆளோட வேலை. அந்த ஆளு செத்துப்போனாலும் வேலை அவரோடதுதான்"ன்னு சொல்லுவான்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவனை நான் மதிச்சேன். கொத்தனாருக்கு இதைவிட இனிப்பா யாரும் எதுவும் சொன்னதில்ல. சும்மா வாய்ச்சவடாலும் இல்ல. ஒருதடவை இவனோட தோண்டப் போனவனுங்க ரெண்டு பேரு, பழைய குழியைச் சுத்திக் கட்டியிருந்த செங்கல்லை, பின்னாடி சீசா இருக்கும்னு சொல்லிக் கடப்பாரையால குத்தப் போயிருக்கானுங்க. இவன் குழிக்குள்ள எறங்கி, செங்கல்லுக்கு முதுகைக் குடுத்து ஒக்காந்துட்டான். சட்டை கிழிஞ்சு ஒதட்டுல ரத்தத்தோட வந்தான். என் பொண்டாட்டி அவனையும் திட்டினா, அவனுங்களையும் திட்டினா, கடைசியில பக்கத்துல ஒக்காந்திருந்த என்னையும் திட்டினா.

அப்பேர்ப்பட்டவன்தான் தையலக்கா வீட்டுத் தூண்ல கையை வெச்சான்.

தையலக்கா வீடு சந்துக் கடைசியில இருக்குற பழைய வீடு. முன்னறையில அந்தம்மா துணி தைக்கும். பின்னறையில அதோட வீட்டுக்காரர் படுத்திருப்பாரு. கிரேன் ஓட்டினவரு. ஒரு விபத்துக்கு அப்புறம் இடுப்புக்குக் கீழ அசையாது. அந்தப் பின்னறைக்கு நேர் கீழ ஓர் அறை, ஒரு ஆளு குனிஞ்சு நிக்குற ஒசரம். மீட்டர் அங்கதான். அறைக்கு நடுவுல ஒரே ஒரு செங்கல் தூண். அது ஓர் உத்திரத்தைத் தாங்குது, உத்திரம் மேல் அறையோட தரையைத் தாங்குது, தரை கட்டிலைத் தாங்குது, கட்டில்ல மனுஷன்.

போன வருஷம் இவன் அந்தம்மாவைக் கேட்டு, அந்தக் கீழறைத் தரையைத் தோண்டினான். "மேலே தூசி வராமப் பாத்துக்கோ"ன்னு சொல்லி விட்டுச்சு. நாலஞ்சு சீசா கெடைச்சுது, குழியை மூடிட்டு வந்தான். அந்தம்மாவுக்கு ஒரு மைச் சீசாவைக் கழுவிக் குடுத்தான். அதுல ஊசி போட்டு வெச்சிருந்துச்சு.

தோண்டும்போதுதான் தூணைப் பாத்திருக்கான். ஒரு மூலையில பூச்சு உதுந்து, உள்ள வட்ட வட்டமா என்னமோ தெரிஞ்சிருக்கு. அந்தக் காலத்துக் கொத்தன் செங்கல்லு பத்தாமப் போயி, காலிச் சீசாவைப் படுக்கவெச்சு, அடிப்பக்கம் வெளிய தெரியுறாப்புல சுண்ணாம்புக் காரையில அடுக்கிக் கட்டியிருக்கான். நானா இருந்தா அப்படிக் கட்டமாட்டேன். ஆனா நூறு வருஷம் நின்னிருக்கே! அவனைக் கையெடுத்துக் கும்பிடணும். எல்லாம் பச்சைச் சீசா. ஒண்ணே ஒண்ணு மட்டும் நீலம், ஆறு பட்டை.

விஷச் சீசாவாம். அந்தக் காலத்துல விஷ மருந்தை நீலக் கண்ணாடியில, பட்டை வெச்சு, மேல வரிவரியா மேடு வெச்சுத்தான் ஊத்துவாங்களாம். இருட்டுல தடவினாலே இது வேறன்னு கைக்குத் தெரிஞ்சிரணும்னு. இவன் தோண்ட ஆரம்பிச்ச நாள்ல இருந்து தேடிட்டு இருந்தது அது. ஒடஞ்ச துண்டு எத்தனையோ வெச்சிருந்தான். முழுசா ஒண்ணுகூட இல்ல. அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவை அங்க மீட்டர் பாக்கப் போகும்போதும் அந்த நீலத்தைப் பாத்துட்டு வந்திருக்கான். யார்கிட்டயும் மூச்சு விடல. பொல்லாத ஆசைங்க அது. மனுஷனை வாயைத் தொறக்க விடாது.

அன்னைக்கு வேலை நாளு. நான் ரெண்டு தெரு தள்ளி ஒரு கடைக்குச் செவுரு எழுப்பிட்டு இருந்தேன். போன் அடிச்சுது.

"மாமா, உங்ககிட்ட லாரி ஜாக்கி இருக்கா?"

"இருக்கு. உன்கிட்ட லாரி இருக்கா?"

"வெளையாடாதீங்க மாமா. தையலக்கா வீட்டுக் கீழறைக்கு எடுத்துட்டு வாங்க. படியில மெதுவா எறங்குங்க. குதிக்காதீங்க."

அவன் குரல்ல பதட்டம் ஒண்ணும் இல்ல. கத்தியிருந்தான்னா நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். கரண்டியைப் போட்டுட்டு ஜாக்கியைத் தூக்கினேன்.

போய்ப் பாத்தா, தையலக்கா கழுத்துல இஞ்சி டேப்போட பின்னறைக் கதவைப் புடிச்சுத் தள்ளிட்டு இருக்கு. கதவு நகரல. உள்ள இருந்து அதோட வீட்டுக்காரர், "என்னடி, என்னை உள்ள வெச்சுப் பூட்டிட்டியா?"ங்குறாரு. "கதவு ஊதிக்கிச்சுங்க, கொஞ்சம் இருங்க"ன்னு இது சமாளிக்குது. நான் நிலையை அண்ணாந்து பாத்தேன். மரம் ஊதல. நிலையோட மேல்கட்டை ஒரு பக்கமாச் சாய்ஞ்சு கதவுமேல ஒக்காந்திருக்கு. தரை எறங்கியிருக்குன்னு அர்த்தம்.

"கதவைத் தள்ளாதீங்கம்மா. ஒதைக்கவும் ஒதைக்காதீங்க. யாரும் ஒதைக்க வேண்டாம்"னு மட்டும் சொல்லிட்டுக் கீழ போனேன்.

அங்க என் மச்சினன் முட்டி போட்டு, கன்னத்தைத் தூணோட ஒட்டவெச்சு நிக்குறான். வலது கை மணிக்கட்டு வரைக்கும் தூணுக்குள்ள. காலுக்குக் கீழ ரெண்டு செங்கல்லு, ஒரு உளி. எனக்கு எங்க இருந்துதான் அப்படி ஒரு வெறி வந்துச்சோ!

"விடுடா அந்தச் சீசாவை! கை மாட்டியும் அதை விடமாட்டியா? விட்டுத்தொலைடா நாயே!"

"விட்டா கை வந்துரும் மாமா"ன்னான். "கையோட சேந்து எல்லாம் வந்துரும்."

டார்ச்சை அடிச்சுப் பாத்தேன். பக்கத்துல ரெண்டு செங்கல்லை எடுத்து, சுத்தியிருந்த காரையைச் சொரண்டி, சீசாவைப் பாதி உருவியிருக்கான். நழுவிறாம இருக்கக் கையை அடியில குடுத்திருக்கான். அந்த நேரத்துல மேல் வரிசையில இருந்த மூலைக் கல்லு சரிஞ்சு சீசா மேல ஒக்காந்துருச்சு. கல்லு சீசா மேல, சீசா இவன் உள்ளங்கை மேல. தூணோட மொத்த பாரமும் கைமேல இல்ல. இருந்தா கை கூழாயிருக்கும். ஆனா அந்த மூலைக் கல்லு வெளிய வந்தா, அதைப் புடிச்சிட்டு இருக்குற அடுத்த கல்லு வரும், அதுக்கப்புறம் அதுக்கடுத்தது. தையல்ல ஒரு நூலு போனா மிச்சமும் தன்னால பிரியுமே, அப்படி. உத்திரம் எறங்கும். மேல கட்டில்ல கெடக்குற மனுஷன் எங்க ரெண்டு பேரு தலையிலயும் விழுவாரு.

அவன் மாட்டிக்கிட்டான்னு நெனச்சு வந்தேன். கெட்டதைக் கேளுங்க, அவன் மாட்டிக்கவே இல்ல. எப்போ நெனச்சாலும் கையை உருவிட்டு ஓடியிருக்கலாம். வாசப்படி அஞ்சடி தூரம்தான். ஓடல.

தீயணைப்புக்குப் போன் போட்டேன். வண்டி எல்லாம் ஆத்துக்கு அந்தப் பக்கம் ஆலைத் தீக்குப் போயிருக்கு, வர நேரமாகும்னாங்க. "பக்கத்துல போகாதீங்க"ன்னு புத்தி வேற. பக்கத்துல போகாம? அவன் கையே உள்ள இருக்குதுங்க.

சரின்னு உத்திரத்துக்கு அடியில ஜாக்கியை வெச்சேன். ஜாக்கிக்கும் உத்திரத்துக்கும் நடுவுல நாட்டு மரக்கட்டை ஒண்ணை நிறுத்தினேன். தூணை ஒட்டித்தான் வைக்கணும், வேற இடம் கெடையாது. அழுத்தினேன். உத்திரம் ஏறல. இன்னும் நாலு அழுத்து. ஜாக்கி கீழ எறங்குது! தரைக்குள்ள, வெண்ணெய்க்குள்ள போற மாதிரி போகுது.

"இங்கதான தோண்டின?"

"ஆமா மாமா."

"மூடினேன்னு சொன்னியேடா!"

"மூடினேன். நல்லா மூடினேன் மாமா."

"திமிசு போட்டியா?"

மண்ணை ஒரு சாண் போட்டு, திமிசுக் கட்டையால இடிச்சு, மறுபடி ஒரு சாண் போட்டு இடிக்கணும். அப்பவும் பழைய இறுக்கம் வராது. அது நூறு வருஷமாத் தன் பாரத்துலயே இறுகின மண்ணு. "கால்ல மிதிச்சேன்"னான், ரொம்ப சின்னக் குரல்ல.

இத்தனை வருஷமா 'மூடாம வரமாட்டேன், மூடாம வரமாட்டேன்'னு பெருமை பேசினானே, அவன் மூடினது எல்லாம் இவ்வளவுதான். மேலே பாத்தா தரை. கீழ பொதபொதன்னு சோறு. கட்டடத்தைத் தொடமாட்டேன்னவன், அது நிக்குற காலைத் தொட்டுட்டே இருந்திருக்கான். அவனுக்கும் அது அப்பதான் ஒறைச்சுதுன்னு அவன் மூஞ்சியைப் பாத்தாலே தெரிஞ்சுது.

தையலக்கா அதுக்குள்ள கீழ வந்துருச்சு. குனிஞ்சு நின்னு எல்லாத்தையும் பாத்துச்சு. தூணு, கை, தரையில கெடந்த செங்கல்லு, உளி.

"மீட்டர் ஒழுகுதுன்னு சொன்ன"ன்னுச்சு.

"ஆமாக்கா."

"ஒழுகலியா?"

"இல்லக்கா."

"தரையைத் தோண்டணும்னப்ப என்னைக் கேட்ட. இதுக்கு ஏன் கேக்கல?"

அவன் கன்னம் தூண்லயே ஒட்டிக்கிட்டு இருக்கு, திரும்பக்கூட முடியல. "கேட்டா மாட்டேன்னு சொல்லியிருப்பீங்க."

"ஆங். அது உனக்குத் தெரிஞ்சிருக்கு"ன்னுச்சு அந்தம்மா. அவ்வளவுதான். நான் நாயேன்னு திட்டினதை எல்லாம் அவன் சிரிச்சுக்கிட்டு மறந்திருப்பான். இதுக்கு அவன் கண்ணுல இருந்து பொலபொலன்னு தண்ணி கொட்டுது, தொடைச்சுக்கக் கை இல்ல. இடது கை தூணை அணைச்சுப் புடிச்சிருக்கு.

மேல இருந்து அந்த மனுஷன், "கீழ என்ன கூட்டம்? யாராவது டீ போடுவீங்களா மாட்டீங்களா?"ன்னு கத்துறாரு. நாங்க மூணு பேரும் ஒரே நேரத்துல மூச்சைப் புடிச்சுக்கிட்டோம், அவரு கொஞ்சம் பொரண்டு படுத்தாக்கூட என்ன ஆகும்னு.

"அகலமா ஒரு பலகை வேணும்மா"ன்னேன். "தடியா, வளையாததா. இந்தக் குழிக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் கெட்டித் தரையில ஊணுற நீளத்துக்கு. ஜாக்கியை அதுமேல வைக்கணும். கடைக்குப் போயி வாங்கி வர்ற வரைக்கும் இவன் கை தாங்காது."

அப்படிப்பட்ட பலகை எங்க இருக்குன்னு அந்தம்மாவுக்குத் தெரியும். "வாங்க மேஸ்திரி"ன்னு மேல ஏறிப் போச்சு.

துணி வெட்டுற மேசை. முன்னறையில பாதியை அடைச்சிட்டு நின்னுச்சு. தேக்கு, மூணு விரல்கடை தடிமன். அந்தம்மாவோட கைபட்டு விளிம்பெல்லாம் வழவழன்னு இருக்கு. அதுமேல யாரோ ஒரு பொண்ணோட பாவாடை பாதி வெட்டினபடி கெடந்துச்சு. துணியை மடிச்சு நாற்காலியில வெச்சுது. காலைக் கழட்டினோம். தெருவுக்குத் தூக்கிட்டுப் போனோம், அறுக்குற அதிர்வு வீட்டுக்கு வேண்டாம்னு. கீழறை வாசல் குறுகல், முழுசாப் போகாது.

நான் ரம்பத்தை வெச்சுட்டு அந்தம்மா மூஞ்சியைப் பாத்தேன். அந்தம்மா துணியில கோடு போடுற சாக்பீஸை எடுத்து, டேப்பை வெச்சு அளந்து, நேரா ஒரு கோடு போட்டுச்சு. துணிக்குப் போடுற மாதிரியே. "கோணாம அறுங்க"ன்னுச்சு.

திரும்பிக் கீழ போனப்ப இவன் மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போயிருந்துச்சு. "மாமா, வெரலு இருக்கா இல்லையான்னே தெரியல"ன்னான்.

"இருக்கு. வாயை மூடிட்டுப் புடி."

தையலக்கா அவன் பக்கத்துல மண்டி போட்டுச்சு. இடுப்புல செருகியிருந்த துணியை எடுத்து அவன் மூஞ்சியைத் தொடச்சுவிட்டுச்சு. பாசத்துலன்னு சொல்லமாட்டேன். வேர்வை கண்ணுல எறங்கிக் கை நழுவிறக் கூடாதுல்ல. தொடச்சுக்கிட்டே கேட்டுச்சு.

"இந்த மாதிரி எத்தனை வீட்ல தோண்டியிருக்க?"

"எண்ணினதில்லக்கா."

"செவுத்தோரமாவா?"

"செவுத்தோரமாத்தாங்க்கா கெடைக்கும். பழைய குழியெல்லாம் செவுத்தோரமாத்தான் இருக்கும்."

"எல்லாத்தையும் கால்லதான் மிதிச்சியா?"

அவன் கண்ணை இறுக்க மூடிக்கிட்டான். ரெண்டு பலகையையும் ஒண்ணுக்குக் குறுக்கா ஒண்ணு போட்டேன். ஜாக்கியை நடுவுல வெச்சேன். கட்டையை நிறுத்தி, ஆப்பு வெச்சு இறுக்கிட்டு, அழுத்த ஆரம்பிச்சேன். பலகை மொனகுச்சு. ஒரு பக்கம் எறங்குச்சு. எனக்கு உசிரு போச்சு. அப்புறம் நின்னுச்சு. இன்னொரு அழுத்து. உத்திரத்துல இருந்து தூசி கொட்டுச்சு. இன்னும் ஒண்ணு. மேல படக்குன்னு ஒரு சத்தம்.

"ஆங், தொறந்துக்கிச்சு!"ன்னாரு அந்த மனுஷன். "என்ன கதவோ!"

"டேய், கையை எடு"ன்னேன்.

எடுக்கல. "முதல்ல அவரைத் தூக்கிட்டு வாங்க மாமா."

"ஜாக்கி புடிச்சிருச்சுடா. எடு!"

"நான் மிதிச்ச மண்ணு மாமா அது. எனக்கு அதுமேல நம்பிக்கையில்ல. அவரைத் தூக்கிட்டு வாங்க."

வாதாட நேரமில்ல. நானும் தையலக்காவும் மேல ஓடினோம். ஓடலைன்னுதான் சொல்லணும், அந்தத் தரைமேல எவன் ஓடுவான்? பூனை மாதிரி போயி, படுக்கை விரிப்போட சேத்து மனுஷனைத் தூக்கினோம். அவரு என்னைப் பாத்து, "யாருய்யா நீ? என் தலையணையை விட்டுட்ட"ங்குறாரு. தெருவுல, ரெண்டு பக்கமும் ஜனம் வேடிக்கை பாக்க, மேசையை அறுத்த இடத்துலயே கெடத்தினோம். நான் திரும்பக் கீழ போனேன். இவன் அப்படியே நிக்குறான்.

"வெளிய வந்துட்டாரா?"

"வந்துட்டாரு. தலையணையைக் கேக்குறாரு."

அப்பத்தான் கையை உருவினான். கல்லு சீசாமேல கடக்குன்னு ஒக்காந்துச்சு, சீசா செங்கல்மேல ஒக்காந்துச்சு, ஜாக்கி அசையல. நீலக் கண்ணாடி வெளிச்சத்துல பளபளன்னு பாதி வெளிய நீட்டிட்டு இருக்கு. எடுத்துக்கோன்னு நான் சொல்லல. அவன் அந்தப் பக்கமே பாக்கல, கையையே பாத்துட்டு இருந்தான். அது கை மாதிரியே இல்ல. சீசாவைப் புடிச்ச மாதிரியே வளைஞ்சு நிக்குது, விரிக்க முடியல.

தீயணைப்புக்காரங்க வந்து, பெரிய முட்டெல்லாம் குடுத்து, "யாரு இந்தப் பலகை வெச்சது?"ன்னு கேட்டாங்க. தையலக்கா, "என் மேசை"ன்னுச்சு.

ஆஸ்பத்திரியில கட்டைவிரலும் அடுத்த விரலும் பொழைச்சுது. மத்த மூணும் வளைஞ்சபடியே நின்னுருச்சு, அதுக்குள்ள ஓடுற நரம்பு செத்துப்போச்சுன்னாங்க. என் பொண்டாட்டி அந்தக் கையைத் தன் மடியில வெச்சுக்கிட்டு, அவனோட நெஜப் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதா. "அக்கா, வலிக்கல"ன்னான். வலிக்கலைங்குறதுதான் கேடுன்னு அவளுக்குப் புரியல.

தூணை நான்தான் கட்டினேன். குழியை அடி வரைக்கும் எடுத்து, கான்கிரீட் போட்டு, புதுசாக் காலு எழுப்பி. அந்தச் சீசாக்களை இருந்த இடத்துலயே வெச்சுப் பூசிட்டேன், நீலத்தையும் சேத்துத்தான். தையலக்காவுக்கு ஒரு புது மேசை செஞ்சு குடுத்தோம். வாங்கிக்கிச்சு. ஆனா அது வேற மேசைங்க. அந்தம்மா இன்னும் அதுமேல துணியை விரிக்கும்போது, பழைய விளிம்பு இருந்த எடத்தைக் கையால தேடுது, நானே பாத்தேன். அவனை அந்தம்மா மன்னிச்சுதான்னு கேட்டா எனக்குத் தெரியாது. மீட்டர் பாக்க வந்தா கதவைத் தொறக்குது. கூடவே கீழ எறங்கி, அவன் ஏறி வர்ற வரைக்கும் பக்கத்துலயே நிக்குது.

அவன் கைக்கட்டைப் பிரிச்ச மறுநாளு, மத்தியானம், எங்க வீட்டுக் கதவை யாரோ தட்டினாங்க. தொறந்தா இவன். எங்க வீட்டுக் கதவை அவன் தட்டினதே கெடையாது. நேரா உள்ள வந்து பாத்திரத்தைத் தொறந்து பாக்குறவன். இப்ப வாசலுக்கு வெளியிலேயே நிக்குறான், சட்டையை மேல் பொத்தான் வரைக்கும் போட்டுட்டு.

"உள்ள வாடா."

"வேண்டாம் மாமா. இன்னைக்கு இதுதான் முதல் வீடு. சாயங்காலத்துக்குள்ள முடிஞ்ச வரைக்கும் போகணும்."

"எதுக்கு?"

"சொல்றதுக்கு. தையலக்கா கேட்டாங்கல்ல, எத்தனை வீடுன்னு. ஒவ்வொரு வீடாப் போயிச் சொல்லிடலாம்னு."

"சரி, போ. இங்க எதுக்கு வந்த?"

அவன் என் மூஞ்சியைப் பாக்காமத் தரையைப் பாத்தான். "அக்காவுக்குப் பிரசவமாகி நீங்க ஆஸ்பத்திரியில இருந்தீங்களே, அப்ப மாமா. சாவி என்கிட்டதான இருந்துச்சு. சொந்த வீடுதானேன்னு கேக்கல. அடுப்படிச் செவுத்துக்கு வெளியில, அதை ஒட்டியே தோண்டினேன். ரொம்ப ஆழம். பாதிச் செவுத்து நீளத்துக்கு." நிறுத்திட்டு, "கால்லதான் மிதிச்சேன்"ன்னான்.

எங்க அடுப்படிச் செவுத்துல வருஷா வருஷம் ஒரு விரிசல் வரும். கீழ இருந்து மேல, கோணலா. நானும் பூசிப் பூசிப் பாத்தேன். கொத்தனாரு வீட்டுச் செவுரே இந்த லட்சணமான்னு வர்றவன் போறவன் எல்லாம் சிரிச்சானுங்க. சிமெண்டு சரியில்லன்னேன், மணல் சரியில்லன்னேன். போன மாசம்கூடப் பூசினேன். நேத்துப் பாத்தா அதே இடத்துல, ஒரு வெரலு நொழையற அகலத்துக்குத் தொறந்து நிக்குது.

உள்ள அடுப்படியில என் பொண்டாட்டி தாளிச்சுட்டு இருந்தா. செவுத்தோரம்தான் அடுப்பு. சின்னது அவ காலைப் புடிச்சுட்டு நின்னு என்னமோ பாட்டுப் பாடிட்டு இருந்துச்சு.

"யாருங்க?"ன்னு அங்க இருந்தே கேட்டா.

"அடுப்பை அணைச்சுட்டு, புள்ளையத் தூக்கிட்டு வெளிய வா"ன்னேன்.

"எதுக்குங்க? ஒரு நிமிஷம், எண்ணெய் காயுது."

"இப்பவே வா"ன்னேன். "ஓடாத. மெதுவா நடந்து வா."